மகனின் கஞ்சாப் பழக்கம்: வண்டி அனுப்பி அழைத்துச் செல்லும் மையத்தை நம்பலாமா?

கேள்வி
எழுதியவர்: காவிரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகனுக்கு 21 வயது ஆகிறது. வருகைப் பதிவு போதாமையால் இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாமல் இரண்டு மாதங்களாக வீட்டில் இருக்கிறான்.

அவன் அறையில் எந்நேரமும் ஊதுவத்தி எரிவதைப் பார்த்து, பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்த தாய் நான். மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலத்தையும் சுருட்டும் தாள்களையும் கண்ட நாளில்தான் அந்த மணம் எதை மறைப்பதற்காக என்பது விளங்கியது. கேட்டவுடன் அவன் மறைக்கவில்லை. விடுதியில் முதலாம் ஆண்டிலேயே தொடங்கியதாகவும், இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து முறை புகைக்காமல் இருக்க முடியவில்லை என்றும் தலைகுனிந்து சொன்னான். அவனாகவே ஒருமுறை நிறுத்தினான். ஐந்து நாட்கள் தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் வியர்த்தது, சோறு இறங்கவில்லை, நான்காம் நாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு அவனே அழுதான். ஆறாம் நாள் மீண்டும் புகைத்துவிட்டு வந்து, "என்னால முடியலம்மா" என்றான்.

என் அண்ணன், அதாவது அவனுடைய தாய்மாமா, ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தைப் பற்றி விசாரித்து வந்திருக்கிறார். அங்கிருந்து நான்கு ஆட்கள் விடியற்காலையில் வண்டியுடன் வந்து அவனை அழைத்துச் செல்வார்களாம். மூன்று மாதங்கள் உள்ளே இருக்க வேண்டுமாம். மாதத்துக்கு 25,000 ரூபாய் கட்டணம். முதல் 45 நாட்கள் பார்க்கவும் கூடாது, தொலைபேசியில் பேசவும் கூடாது. அவனுக்கு முன்கூட்டியே எதையும் தெரிவிக்கக் கூடாது என்பதை மட்டும் அவர்கள் மூன்று முறை வலியுறுத்தினார்கள். "இப்போ பாவம் பார்த்தா பிள்ளை கையை விட்டுப் போயிடுவான்" என்கிறார் அண்ணன். மச்சான் சொல்வதைச் செய் என்கிறார் என் கணவர். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது.

இதை எழுதும்போது அவன் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான். இது சிகிச்சைதானா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்தபடியே பெறக்கூடிய மருத்துவம் ஏதேனும் உண்டா? அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் காவல் துறைக்குத் தகவல் போகுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் எழுதுங்கள்.

பதில் 1
எழுதியவர்: மலைக்கோட்டைக்காரன்

அம்மா, உங்கள் மகன் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன். என் வீட்டுக்கும் அந்த வண்டி வந்தது. ஆகவே எனக்கு நேர்ந்ததை அப்படியே சொல்கிறேன்; முடிவை நீங்கள் எடுங்கள்.

19 வயதில் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கஞ்சா புகைத்தேன். என் சித்தப்பா ஏற்பாடு செய்த ஆட்கள் அதிகாலை நான்கு மணிக்கு வந்து, உடுத்திய லுங்கியோடு என்னைத் தூக்கிச் சென்றார்கள். ஒரே கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் படுத்திருந்தோம். குடிநோயாளிகள், ஊசி போட்டுக்கொள்பவர்கள், மனநலம் குன்றிய ஒரு பெரியவர், என்னைப் போன்ற கஞ்சாக்காரர்கள் என எல்லாருக்கும் அங்கே ஒரே சிகிச்சைதான்: அதிகாலை எழுப்புதல், தரை துடைத்தல், உறுதிமொழி சொல்லுதல், எதிர்த்துப் பேசினால் அடி. 90 நாட்களில் மருத்துவர் என்று ஒருவரை இரண்டே முறை பார்த்தேன். நான் ஏன் புகைக்கிறேன், எப்போது புகைக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வெளியே விட்டார்கள். சனிக்கிழமை மாலை புகைத்தேன். சுவருக்குள் 90 நாள் கிடைக்காமல் இருந்ததே தவிர, என் பழக்கத்தை யாரும் தொடவே இல்லை. அந்த அதிகாலையில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அப்பாவோடு அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பணம் போனதை மறந்துவிட்டோம்; இதை இன்னும் நாங்கள் இருவரும் முழுமையாகக் கடக்கவில்லை.

பிறகு என்னை மாற்றியது திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். அங்கிருந்த ஆலோசகர் முதலில் கேட்ட கேள்வி, "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்பது. அதுவரை என்னைத் திட்டியவர்கள், அறிவுரை சொன்னவர்கள், அழுதவர்கள் உண்டு. இப்படிக் கணக்குக் கேட்டவர் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், உடன் இருந்தவர், அப்போதைய மனநிலை ஆகியவற்றை எழுதி வரச் சொன்னார். இரண்டு வாரம் எழுதியதும் எனக்கே புலப்பட்டது. நாள் முழுவதும் புகைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வேலை முடிந்து மாலை ஆறு மணியளவில் பாலத்தின் அருகே தனியாக நிற்கும் அந்த அரைமணி நேரம்தான் உயிர்நாடியாக இருந்தது. வீடு திரும்பும் பாதையை மாற்றினோம். அந்த நேரத்துக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம், பிறகு மாதம் ஒருமுறை என்று சென்றேன்.

இடையில் மூன்று முறை வழுக்கினேன். முதல் முறை மறைத்தேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே இன்னும் பத்து நாள் புகைத்தேன். இரண்டாம் முறை மறுநாளே போய்ச் சொன்னேன்; ஒருவரும் கோபப்படவில்லை, நோட்டை எடுத்து எந்த இடத்தில் தவறியது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். இப்போது நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன.

உங்கள் மகன் தானாகவே ஐந்து நாட்கள் நிறுத்தியிருக்கிறான். "முடியல" என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். நான் ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட என் அம்மாவிடம் அப்படிச் சொன்னதில்லை. உதவி கேட்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக நான்கு ஆட்கள் எதற்கு? ஞாயிறு வரை காத்திராமல், நாளைக் காலை அவன் புகைப்பதற்கு முன், உறவினர் யாரும் இல்லாத நேரத்தில், அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். வாழ்நாள் முழுதும் தொடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அந்தச் சத்தியத்தை மீறிய குற்ற உணர்விலேயே நான் பலமுறை புகைத்திருக்கிறேன். ஒரு மருத்துவரை ஒரே ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு வருவோம் என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2
எழுதியவர்: மனநலப் பிரிவுச் செவிலியர்

சகோதரி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் மகன் அந்த ஐந்து நாட்களில் பட்டது மன உறுதிக் குறைவு அன்று என்பதை முதலில் அவனுக்கும் உங்கள் அண்ணனுக்கும் சொல்லுங்கள். நாள்தோறும் பலமுறை புகைப்பவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாட்களில் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை ஆகியவை தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குச் சென்று, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். தூக்கக் கோளாறும் தெளிவான, அச்சமூட்டும் கனவுகளும் மட்டும் ஒரு மாதம் வரை நீடிக்கலாம். 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இதைத் தனி நோய்க்குறித் தொகுதியாகவே ஏற்றுக்கொண்டது. அவன் மிகக் கடினமான நாட்களில்தான் திரும்பிவிட்டான். இன்னும் சில நாள் கடந்திருந்தால் தணியத் தொடங்கியிருக்கும் என்பதை அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

வீட்டிலிருந்தே சிகிச்சை பெற முடியுமா என்று கேட்டீர்கள். கஞ்சாவை மட்டும் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலானோருக்குப் புறநோயாளிச் சிகிச்சையே போதுமானது. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அவர்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். கஞ்சாவை நிறுத்துவதில் துன்பம் உண்டே தவிர அத்தகைய ஆபத்து பொதுவாக இல்லை. ஆனால் "கஞ்சா மட்டும்" என்பது உண்மைதானா என்று மருத்துவர் தனியாகக் கேட்டறிய வேண்டும். டேப்பென்டடால் போன்ற வலிமருந்து மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. அதற்கான சிகிச்சையே வேறு. புகையிலையையும் மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் சிகரெட்டைப் பிரித்துக் கஞ்சாத் தூளோடு கலந்து புகைப்பதே வழக்கம் என்பதால், கஞ்சாவை விட்டுவிட்டுச் சிகரெட்டைத் தொடர்பவருக்கு ஒவ்வொரு சிகரெட்டும் பழைய நினைவைக் கிளறும். இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கஞ்சாவை விடுவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில நாட்கள் மருந்து தருவோம்; மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தனியாக மருந்து தருவோம். மற்றபடி, சிகிச்சை முழுவதும் பேச்சுதான்: விட வேண்டும் என்ற எண்ணத்தை அவனிடமிருந்தே வெளிக்கொணரும் ஊக்க உரையாடலும், எந்தச் சூழல் எந்த நினைப்பைத் தூண்டிப் புகைப்பதில் முடிகிறது என்று கண்டு மாற்றும் நடத்தைப் பயிற்சியும். மேலே ஒரு தம்பி எழுதிய நாற்பது பக்க நோட்டு அதுவே. குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். பிள்ளைக்குத் தெரிந்தால் அதன்பின் உங்கள் கையால் உண்ணமாட்டான் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கஞ்சாவைச் சார்ந்திருந்த 450 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒன்பது அமர்வுகள் பெற்றவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் நான்காம் மாதத்தில் முற்றிலும் விட்டிருந்தார்கள். இரண்டே அமர்வுகள் பெற்றவர்களில் அது ஏறத்தாழ 9 விழுக்காடு. சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்பது அமர்வுப் பிரிவினர் புகைத்த நாட்களோ பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் எந்த மையமாவது நூற்றுக்கு நூறு குணம் என்று உறுதியளித்தால் அது உண்மை பேசவில்லை என்பதற்கு இவை போதும். முழுதாக விடுவதற்கு முன் பலர் பலமுறை குறைக்கிறார்கள். அதையும் நாங்கள் முன்னேற்றமாகவே எழுதுகிறோம்.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு அருகில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு அருகில் உள்ளது எது என்று 104 எண்ணில் விசாரியுங்கள். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண். 14416 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை எண். நள்ளிரவில் அவன் தூங்காமல் தவிக்கும்போது நீங்களும் அவனும் பேசலாம். சேர்த்துப் பார்க்கும் தேவை வந்தால், சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையம் போன்ற, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் அழைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

அண்ணன் சொன்ன மையத்தைப் பற்றி எனக்குத் தெரியாது; தனியார் மையங்கள் எல்லாமே தவறானவை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களை அழைத்து, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தில் பதிவுச் சான்று இருக்கிறதா, நான் இன்று மாலையே நேரில் வந்து நோயாளிகள் தூங்கும் இடத்தைப் பார்க்கலாமா, வெளியே வந்த பின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று மாதம் என்று முடிவு செய்பவர்கள் எதைக் கொண்டு அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

பதில் 3
எழுதியவர்: ஒரு தாய், வேலூர் மாவட்டம்

மேலே எழுதியவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நான்கு மாதங்களை வீணாக்கினேன் என்பதால் இதை எழுதுகிறேன். என் மகன் 17 வயதிலிருந்து புகைத்தான். 20 வயதில், தொலைக்காட்சிச் செய்தியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். எதிர்வீட்டுக்காரர் தன்னைப் படம் பிடிக்கிறார் என்று சன்னலை ஆணியடித்து மூடினான். நான் சமைத்ததில் ஏதோ கலந்திருக்கிறது என்று மூன்று நாள் உண்ணாமல் இருந்தான். கஞ்சாவை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஆலோசகரிடமும் கோயிலுக்குமாக அலைந்தேன். அது போதையின் மயக்கம் அன்று, மனநோய் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது என் மாமனாரின் தம்பிக்கும் அப்படி இருந்தது நினைவுக்கு வந்தது. குடும்பத்தில் அப்படி யாரேனும் இருந்தால், இளம் வயதில் தினமும் கஞ்சா புகைப்பவருக்கு ஆபத்து கூடுதல் என்றார்கள்.

அவனைச் சேர்த்தே ஆக வேண்டியிருந்தது, சேர்த்தேன். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தார் ஒருவர் நோயாளியுடன் தங்கியே ஆக வேண்டும் என்பது விதி. 24 நாட்கள் அவன் அறையில் நானும் இருந்தேன். அவன் வாங்கிய ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் எனக்குத் தெரியும். இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், மருந்து தொடர்கிறது.

ஆசிரியை அம்மா, உங்கள் பிள்ளை யாரையாவது காரணமின்றிச் சந்தேகிக்கிறானா, தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்வதுபோல் பேசுகிறானா, சாவதைப் பற்றி ஏதாவது சொல்கிறானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் செவ்வாய், புதன் என்று நாள் பார்க்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அப்போதும் மருத்துவமனைக்குத்தான், வண்டியோடு வருபவர்களிடம் அல்ல.

பதில் 4
எழுதியவர்: வழக்கறிஞர், மதுரை

காவல் துறை பற்றிய அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோர் பலரைப் பார்க்கிறேன். ஆகவே சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன்.

மனநலச் சிகிச்சைச் சட்டம், 2017 போதைப்பொருளால் ஏற்படும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவின்படி, நோயாளி சொல்வதை இரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாவை நுகர்வதும் வைத்திருப்பதும் குற்றம்தான் என்பதை மறைக்க இயலாது. நுகர்ந்ததற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, நுகர்வுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். எனவே மருத்துவமனைச் சீட்டு உங்கள் மகனுக்குப் பாதுகாப்பே. வீட்டில் பொட்டலம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மருத்துவரிடம் காட்டுவதற்கென்று எடுத்துச் செல்லாதீர்கள்.

அந்த வண்டியைப் பற்றி. உங்கள் மகன் 21 வயது நிறைந்தவர். அவர் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமானால் மனநலச் சிகிச்சைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலை, அல்லது தம்மையே பேணிக்கொள்ள முடியாத நிலை இருப்பதாக அவர்கள் கருத வேண்டும். அப்போதும் முதலில் 30 நாட்கள் வரைதான். மருத்துவர் பார்க்காமலேயே விடியற்காலையில் தூக்கிச் சென்று 90 நாள் அடைத்துவைப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. பெற்றோர் கையெழுத்து அதை முறையாக்கிவிடாது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் தலைமுறை மறந்திருக்காது. மதுரைக்கும் ஏர்வாடிக்கும் அதிகத் தொலைவு இல்லை. பார்க்க விடாத இடம் எதுவாயினும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: காவிரிக்கரை ஆசிரியை

உங்கள் நால்வருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பதில்களை அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். முதலில் கோபப்பட்டார். பிறகு தாமாகவே அந்த மையத்துக்குத் தொலைபேசி செய்து, இன்று நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உள்ளே அனுமதி என்று பதில் வந்தது. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் 10,000 திரும்பவில்லை, அது போகட்டும்.

மறுநாள் காலை மகனிடம் பேசினேன். வண்டிக்கு ஏற்பாடு செய்திருந்ததையும் மறைக்காமல் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, மாமா வராவிட்டால் மருத்துவமனைக்கு வருகிறேன் என்றான். செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் போகிறோம். சந்தேகம், தனியாகப் பேசுதல் போன்ற எதுவும் அவனிடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தாய் எழுதியதை நான்கைந்து முறை படித்துவிட்டேன்.

செவிலியர் அம்மாவிடம் இரண்டு கேள்விகள். அடுத்த பருவத்துக்குக் கல்லூரி திறக்க ஏழு வாரங்கள் இருக்கின்றன. அவனை அதே விடுதிக்கு அனுப்பலாமா? வீட்டில் நானே அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில் 5
எழுதியவர்: மனநலப் பிரிவுச் செவிலியர்

நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று படித்தபோது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது, சகோதரி.

விடுதியைப் பற்றி இப்போதே முடிவு செய்யாதீர்கள். ஆறாவது வாரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்து, அவனையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். திரும்பிப் போவதானால் அதே அறைக்குப் போக வேண்டாம். எந்த நண்பர்களோடு, எந்த மாடியில் புகைத்தானோ அந்த இடமே பாதித் தூண்டுதல். கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு என்பதால், தஞ்சையின் சிகிச்சைக் குறிப்பை எடுத்துக்கொண்டு போய், கல்லூரி திறக்கும் முன்பே அங்கே ஒருமுறை காட்டி, வாரத்தில் எந்த நாள் வர வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு பருவம் தாமதமானால் அதைப் பிறகு எழுதிக்கொள்ள முடியும்.

சிறுநீர்ப் பரிசோதனையை வீட்டில் செய்யாதீர்கள். கஞ்சாவின் போதைப்பொருள் கொழுப்பில் கரைந்து தங்குவதால், நாள்தோறும் புகைத்தவர் நிறுத்திப் பல வாரங்கள் ஆன பின்னும் முடிவு 'இருக்கிறது' என்று வரக்கூடும். அவன் உண்மையாகவே விட்டிருக்கும் மூன்றாம் வாரத்தில் உங்கள் கையில் உள்ள பரிசோதனை அட்டை அவனைப் பொய்யன் என்று சொல்லும். பரிசோதனை தேவையென்றால் மருத்துவமனையில் எடுப்பார்கள். அதன் பொருளை அவர்களே அவனுக்கு விளக்குவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். அவன் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போன சற்று நேரத்தில் மருத்துவர் உங்களை வெளியே உட்காரச் சொல்வார். மகனைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் கதவைத் தட்டாதீர்கள். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்றும் கேட்காதீர்கள். சாப்பிடலாமா என்று கேளுங்கள்.